கரண்டை நிறுத்திவிட்டு ஒரு தடவை

நான் வேலை பார்த்த பிசியோதெரபி பிரிவுக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். காதில் கிளிப் போல மாட்டிக்கொள்ள வேண்டும். மெல்லிய கரண்ட் காது வழியாக ஒரு நரம்பைத் தூண்டும். அப்படித் தூண்டிக்கொண்டு உடற்பயிற்சி செய்தால் களைப்பு குறையும், கைவேலை சீக்கிரம் படியும் என்று சொல்கிறார்கள். இப்போது அங்கே இருக்கும் பிள்ளைகள் அதை ஒருவர் காதில் ஒருவர் மாட்டிப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, "மேடம், உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டார்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் எனக்கென்று ஒரு காலம் ஏற்பட்டுவிட்டது.

இருந்தது. காதில் இல்லை, காலில். அதைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

நான் மதுரையில் படித்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தோம், தசைகளின் பெயரை மனப்பாடம் செய்தோம், நரம்புகளுக்கு வந்து சேர்ந்தபோது மண்டையில் இடம் இல்லை. முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முதுகுவலிக்காரர்களுக்கு ஒத்தடம் கொடுத்தேன். பிறகு அரசு வேலை கிடைத்தது. நாலு ஊர் சுற்றிவிட்டுத் தேனிப் பக்கமே வந்து சேர்ந்தேன். வீடு சின்னமனூரில். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் பிரிவில் நடைபழகும் கம்பிகள் இருந்தன, தோள்பட்டைக்கான சக்கரம் இருந்தது, மூலையில் ஸ்டிமுலேட்டர் இருந்தது. நரம்பையும் தசையையும் தோலுக்கு மேலிருந்தே கரண்டால் தூண்டும் மெஷின். ஜனங்களுக்கு அது ஒன்றுதான் வைத்தியம். "கரண்ட் வைக்க வந்தோம்" என்றுதான் சொல்வார்கள். வெறும் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், ரேஷன் கடையில் சீனி இல்லை என்று சொல்லிவிட்டது போல முகம் வாடும்.

பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் டாக்டர் சற்குணம். ஒரு நோயாளியிடமும் அவர் "சரியாயிரும்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பாப்போம்" என்பார். தேறி வருகிறவருக்கும் "பாப்போம்", தேறாதவருக்கும் "பாப்போம்". அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம், மாப்பிள்ளை எப்படி சார் என்று கேட்டேன். "பாப்போம்" என்றார்.

தினமும் காலையில் மெஷினைத் தன் மேல்தான் முதலில் வைத்துப் பார்ப்பார். முன்கையில் கரண்ட் பாய்கிற இரண்டு சின்னப் பேடுகளை ஒட்டிக்கொண்டு, அளவைக் கூட்டும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். விரல்கள் தாமாக மடங்கும். யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு எங்களையும் வைத்துக்கொள்ளச் சொல்வார். எறும்பு ஊர்வது போல ஆரம்பித்து, ஊசி குத்துவது போலாகி, தசை பிடித்து இழுக்கும் வரை ஏற்ற வேண்டும். "உங்களுக்குத் தெரியாத ஒன்னை அடுத்தவன் மேல ஏத்தாதீங்க" என்பது அவருடைய சட்டம். நோயாளிக்கு வைக்கும்போது திருகை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடுவார். பயந்து வருகிறவர்கள்தான் கடைசியில் நம்மைவிட அதிகமாக ஏற்றுவார்கள்.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. சிகிச்சை எந்த நாள், எந்த நோயாளிக்கு முடிந்தாலும், "கரண்டை நிறுத்திட்டு ஒரு தடவை செய்யுங்க" என்பார். முடியாதவரிடமும் சொல்வார். நான் சேர்ந்த புதிதில், முடியாது என்று தெரிந்தும் ஏன் சார் செய்யச் சொல்றீங்க என்று கேட்டேன். "கரண்ட் இருக்கும்போது தூக்குறது மெஷின். நிறுத்துன பொறகு தூக்குறதுதான் நோயாளி. நாம ரெண்டாவது ஆளுக்குத்தான் வைத்தியம் பாக்குறோம்" என்றார். அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசியது அபூர்வம்.

ஈஸ்வரி வந்தது ஐப்பசி மழைக்காலத்தில். கூடவே அவள் அம்மா பவுன்தாயி. கம்பம் பக்கத்து ஊர். மகள் உள்ளே நடந்து வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தரையில் 'சப்' என்று போட்டு நடந்தாள். சேற்றில் நடக்கிறவர்கள் அப்படி நடப்பார்கள். எங்கள் தரை சிமெண்டுத் தரை.

"எங்கன வலிக்குது?"

"வலிக்கலக்கா. பாதம் தொங்குது. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரிய மாட்டேங்குது."

பவுன்தாயி குறுக்கே வந்தார். "தைலம் போட்டு உருவிவிட்டாக, சுளுக்கு எடுத்தாக, மந்திரிச்சுக் கயிறு கட்டுனாக. ஒன்னும் கேக்கல டாக்டரம்மா. ரெண்டு வாரம் ஓடிப்போச்சு."

விசாரித்ததில் விஷயம் தெளிவாயிற்று. ஈஸ்வரி போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதித் தேறியிருந்தாள். ஓட்டம், தாண்டுதல், பந்து எறிதல் என்று உடல்திறன் தேர்வு பாக்கி. அதற்கு இரண்டு மாதம் இருந்தது. சும்மா இருக்கும் நேரத்தில் அம்மாவோடு விடிகாலை ஜீப்பில் ஏறி, கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனாள். ஏலச்செடியில் காய் மேலே காய்ப்பதில்லை. தூரில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுக்க வேண்டும். அம்மாவுக்குப் பல வருடப் பழக்கம். மகள் ஜீப் வருவதற்கு முன்பே எழுந்து ஓட்டப் பயிற்சியும் செய்துவிட்டு, அங்கேயும் போய் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கினாள், இடது பாதம் இறங்கவில்லை.

"நாந்தேன் கூட்டிப் போனேன்" என்றார் பவுன்தாயி. முந்தானையால் மகளுடைய பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வந்தார். ஈஸ்வரியைக் கட்டிலில் உட்கார வைத்து, "பாதத்தைத் தூக்கு" என்றார்.

பாதம் அசையவில்லை.

"தூக்கும்மா."

"தூக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் சொன்னது பொய்யில்லை. பாதத்துக்குத்தான் சேதி போய்ச் சேரவில்லை.

முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே, எலும்பு ஒரு சின்ன முண்டாகத் துருத்திக்கொண்டிருக்கும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்த முண்டைச் சுற்றிக்கொண்டு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. பாதுகாப்பு என்று ஒன்றும் கிடையாது. நெடுநேரம் குத்துக்காலிட்டால் அங்கே அது நசுங்கும். நசுங்கிக் கிடக்கிறதா, அறுந்தே போய்விட்டதா என்பதுதான் கேள்வி.

முதலில் தைலத்தை எடுக்க வேண்டியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கரண்ட் தோலுக்குள் ஒழுங்காக இறங்காது. ஈஸ்வரியின் காலில் இரண்டு வாரத் தைலம். சோப்பு போட்டுத் தேய்த்தேன், ஈரப் பஞ்சால் துடைத்தேன், மறுபடி தேய்த்தேன். மூன்று வைத்தியர்களுடைய கைவண்ணம் வாளித் தண்ணீரில் மிதந்தது.

டாக்டர் முதலில் முண்டுக்கு மேலே, முழங்காலின் பின்பக்கம் கரண்ட் வைத்தார். திருகை ஏற்றினார். பாதம் அப்படியே தொங்கியது. இன்னும் ஏற்றினார். ஒன்றுமில்லை. பவுன்தாயி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பேடை முண்டுக்குக் கீழே மாற்றி வைத்து ஏற்றினார். பாதம் விசுக்கென்று மேலே எழுந்தது.

"தூக்கிட்டா! தூக்கிட்டா!" என்று பவுன்தாயி கத்தியதில் பக்கத்துக் கட்டிலில் கழுத்தை இழுத்துக் கட்டிப் படுத்திருந்தவர் திரும்பிப் பார்க்க முயன்றார். திரும்ப முடியவில்லை.

"அவ தூக்கல. நான் தூக்குனேன்" என்றார் டாக்டர். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் நல்ல சேதி என்று எங்களுக்குத் தெரியும். "ரெண்டு வாரம் ஆயிருச்சு. நரம்பு அறுந்திருந்தா இந்நேரம் கீழேயும் செத்துப் போயிருக்கும். கீழே உசுரோட இருக்கு. நடுவுல ஒரு எடத்துலதான் அமுங்கிக் கெடக்கு."

"எப்ப எந்திரிக்கும் சார்?" என்றாள் ஈஸ்வரி.

"பாப்போம்."

"எனக்குத் தேதி குடுத்திருக்காங்க சார்."

"நரம்புக்குத் தேதி தெரியாதும்மா."

வைத்தியம் ஆரம்பித்தது. குத்துக்காலிடக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது. வீட்டில் நடக்கும்போது பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை போட்டுக்கொள்ள வேண்டும். இங்கே வந்தால் கரண்ட். ஒரு பேடு முண்டுக்குக் கீழே, இன்னொன்று முன்காலின் தசை மேல். பாதம் நேராக எழ வேண்டும். வெளிப்பக்கம் திருகிக்கொண்டு எழுந்தால் பேடைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று புத்தகத்தில் கிடையாது. நகர்த்தி நகர்த்திப் பார்த்து, இடம் கிடைத்ததும் பேனாவால் தோலில் கோடு போட்டுவைப்பேன். அவள் குளித்துவிட்டு வருவாள். மறுபடி தேடுவேன்.

கட்டிலில் படுத்து கரண்ட் வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது. கரண்ட் ஏறும் அதே நேரத்தில் அவளும் தூக்க முயல வேண்டும். அதன்பின் அதையே நடையில் செய்ய வேண்டும். மெஷினிலிருந்து ஒரு கை சுவிட்ச் வரும். குதிகால் தரையை விட்டு எழும் கணத்தில் நான் அழுத்த வேண்டும், கால் முன்னே போய் ஊன்றியதும் விட வேண்டும். மெஷினைக் காய்கறி வாங்கும் கூடையில் வைத்து இடது கையில் மாட்டிக்கொள்வேன். வலது கையில் சுவிட்ச். அவளுக்குப் பின்னாலேயே தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பேன். மருந்து வாங்க வரிசையில் நின்றவர்கள் எங்களுக்கு வழிவிடுவார்கள். நாங்கள் ஏதோ வேண்டுதல் நிறைவேற்றுகிறோம் என்று நினைத்தவர்களும் உண்டு.

நான் அரைக் கணம் தாமதித்தால் அவள் தடுக்குவாள். முந்தினால் பாதம் தரையில் இருக்கும்போதே வெட்டி இழுக்கும். என் கட்டைவிரல்தான் அப்போதைக்கு அவளுடைய நரம்பு. சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்து நின்றால்கூட முன்னால் நடப்பவர்களுடைய குதிகாலைப் பார்த்துக் கட்டைவிரல் தானாக அழுத்தும்.

ஒவ்வொரு நாளும் கடைசியில் கரண்டை நிறுத்திவிட்டு ஒரு தடவை. ஒவ்வொரு நாளும் பாதம் சும்மா கிடந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நானும் பார்த்துக்கொண்டிருப்பேன். "சரி, நாளைக்கு வா" என்பேன்.

இந்தச் சமயத்தில் மிலிட்டரி தங்கவேல் வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, சின்னமனூருக்கு வெளியே ஒரு மைதானத்தில் போலீஸ், ராணுவ வேலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தவர். ஈஸ்வரி அவரிடம்தான் பயிற்சி எடுத்தாள். அவருடைய பிள்ளைகளிலேயே வேகமாக ஓடுகிறவள் அவள்தான். தேர்வாகிறவர்களின் படம் போடும் பேனரில் அவளுக்கு முன்கூட்டியே இடம் விட்டுவைத்திருந்தார். அவர் வந்து, கரண்ட் வைத்ததும் ஈஸ்வரியின் பாதம் எழுந்ததைப் பார்த்தார். மெஷினைச் சுற்றிவந்து பார்த்தார். ஒரு சல்யூட் அடிக்காத குறையாகப் போய்விட்டார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் ஐந்தாறு பையன்கள் வரிசையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எல்லோருடைய தொடையிலும் ஒரே அளவில், ஒரே இடத்தில், சதுரமாகச் சிவந்து கிடந்தது. ஒருவனுக்குக் கொப்புளமே வந்திருந்தது. பின்னால் தங்கவேல் நின்றார்.

"என்ன சார் இது?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆன்லைன்ல ஒரு மெஷின் வாங்குனேன் சார். வராத காலையே அந்தத் தூக்குத் தூக்குதுன்னா, நல்ல காலு என்னா தூக்குத் தூக்கும்! அதான், ஓடுறதுக்கு முன்னாடி பயலுகளுக்கு நல்லா வச்சு விட்டேன்."

"வேகமா ஓடுனாங்களா?"

தங்கவேல் சற்று யோசித்தார். "வழக்கத்த விட மெதுவாத்தான் ஓடுனாய்ங்க. வெயிலு ஜாஸ்தி சார்."

பையன்களுக்கு மருந்து போட்டு அனுப்பினோம். ஜெல் காய்ந்துபோன பேடுகளை வேர்வையும் மணலுமாக இருந்த தோலில் ஒட்டியிருக்கிறார்கள். கரண்ட் ஒரே ஓரத்தில் கூடி அங்கே சுட்டுவிட்டது. அவர்கள் போனதும் டாக்டர் தங்கவேலை ஒரு குட்டையான ஸ்டூலில் உட்காரச் சொன்னார்.

"வலது கால மட்டும் ஊனி எந்திரிங்க."

தங்கவேல் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். அந்த வயதில் அது பெரிய விஷயம்தான். அவருக்கும் அது தெரிந்திருந்தது. டாக்டர் அவருடைய வலது தொடையில் பேடுகளை ஒட்டித் திருகை அவர் கையிலேயே கொடுத்தார்.

"இதெல்லாம் நமக்கு எறும்பு கடிச்ச மாதிரி சார்" என்று சொல்லி அவர் ஏற்றிக்கொண்டே போனார். தொடைத் தசை கல்லாக இறுகி இறுகித் தளர்ந்தது. டாக்டர் போய் இரண்டு நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பேடுகளைக் கழற்றினார்.

"இப்ப எந்திரிங்க."

தங்கவேல் எழவில்லை.

"எந்திரிங்க சார்."

"எந்திரிச்சிட்டுத்தான் சார் இருக்கேன்."

டாக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "நாமளா வேல செய்யிறப்ப மூளை தசையில ஷிப்ட் போட்டு ஆள் மாத்தும். இந்தக் கரண்டுக்கு ஷிப்ட் தெரியாது. ஒரே ஆளுகளையே திரும்பத் திரும்ப எழுப்பி வேல வாங்கும். சீக்கிரம் ஓஞ்சு போயிரும். ஓடுறதுக்கு முன்னாடி இப்படி ஓய வச்சா எப்படி ஓடுவாங்க?"

"அப்ப இதுனால பிரயோசனமே இல்லையா சார்?"

"இருக்கு. மூட்டு ஆபரேஷன் பண்ணித் தசை மறந்து போனவங்களுக்கு இருக்கு. நரம்பு தூங்குறவங்களுக்கு, கூடவே அவங்களும் முயற்சி பண்ணா இருக்கு. நல்லா இருக்கிறவங்களுக்கும் பயிற்சியோட சேத்து அளவா வச்சா கொஞ்சம் பலம் கூடலாம். பந்தயத்துக்குப் போறப்ப காபி குடிக்கிற மாதிரி இதக் குடிக்க முடியாது."

தங்கவேல் வலது காலை இழுத்து இழுத்து வாசல்வரை போனார். பிறகு திரும்பி வந்து, ஈஸ்வரிக்கு வீட்டில் என்னென்ன பயிற்சி கொடுக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். அவரைப் பற்றி நான் நல்லபடியாகத்தான் சொல்ல வேண்டும். அவள் உட்கார்ந்தபடியே பந்து எறியவும், வலது காலை ஊன்றித் தாண்டவும் புதிதாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அதுவரை அவளுக்கு இடதுதான் தாண்டும் கால்.

ஒரு புதன்கிழமை மதியம், கரண்டை நிறுத்திவிட்டு வழக்கம்போல "தூக்கு" என்றேன். மனதுக்குள் பஸ்ஸைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். கணுக்காலுக்கு முன்னால் தோலுக்கு அடியில் ஒரு நூல் இழுபட்டது போலிருந்தது.

"இன்னொரு தடவை."

மறுபடி அந்த நூல். பாதம் எழவில்லை, ஆனால் கட்டைவிரல் நகம் ஒரு மயிரிழை அசைந்தது. எனக்குச் சந்தேகம். பார்க்க ஆசைப்பட்டதைக் கண் பார்த்துவிடும். டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, பாதத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார்.

"தூக்கு."

நூல் இழுபட்டது.

"ம்" என்றார். எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று அவர் 'பாப்போம்' என்று சொல்லவில்லை என்பதே எனக்கு பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதன்பின் நாளுக்கு நாள் கூடியது. பாதம் பாதி எழுந்தது, பிறகு முக்கால். நடை கிட்டத்தட்ட நேராகிவிட்டது. ஆனால் ஓடினால், கொஞ்ச தூரத்தில் தசை ஓய்ந்து, இடது நுனிக்கால் தரையைக் கொத்தும். தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

பவுன்தாயி என்னைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டார். எங்களிடம் அப்போதுதான் புதிதாக, காலில் கட்டிக்கொள்ளும் சின்ன ஸ்டிமுலேட்டர் ஒன்று வந்திருந்தது. செருப்பின் குதிகாலுக்கு அடியில் சுவிட்ச் வைத்தது. குதிகால் எழும்போது தானாகவே கரண்ட் கொடுக்கும்.

"டாக்டரம்மா, அத அவ பேண்ட்டுக்குள்ள மறச்சுக் கட்டிவிட்டா யாருக்குத் தெரியும்? ஒரு நாளைக்கு மட்டும் குடுங்க தாயி."

"அது தப்புக்கா. பிடிச்சா இனி எந்தப் பரீட்சையும் எழுத விட மாட்டாங்க."

"அவ காலு அவ தூக்குறா. இது கூட ஒரு கை குடுக்குது. இதுல என்ன தப்பு?"

மற்ற பிள்ளைகள் இரண்டு காலோடு வருகிறார்கள், இவள் ஒன்றரைக் காலோடு போகிறாள், மீதி அரைக் காலை நான் கொடுத்தால் யாருக்கு நஷ்டம் என்று எனக்கும்தான் தோன்றியது. டாக்டரிடம் சொன்னேன். அவர் பவுன்தாயியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "மைதானத்துல கட்டிவிட்டு ஓடச் சொல்லிப் பாருங்க. அவளே சொல்லட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கவேலின் மைதானத்துக்கு மெஷினோடு போனேன். கட்டிவிட்டேன். நடந்தாள், அழகாக வேலை செய்தது. ஓடினாள். நடைக்கென்று செய்த மெஷின், கரண்ட் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஓட்டத்தில் கால் தரையில் இறங்கும்போதுதான் அது விழித்துக்கொண்டு பாதத்தை மேலே இழுத்தது. ஒரு சுற்று முடிவதற்குள் அவள் குப்புற விழுந்தாள். உள்ளங்கையெல்லாம் சிராய்ப்பு. பவுன்தாயி ஓடிப்போய்த் தூக்கினார்.

ஈஸ்வரி உட்கார்ந்தபடியே காலில் இருந்து மெஷினைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "இது கூட வந்தா நான் இதப் பாத்து ஓட வேண்டியதா இருக்குக்கா. ஏற்கனவே ஒரு கால பாத்து ஓடிட்டு இருக்கேன்."

தேர்வு வேறு மாவட்டத்தில் நடந்தது. பவுன்தாயி தனியாக வரப் பயந்ததால் நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். உள்ளே யாரையும் விடவில்லை. நான் பார்த்தது மைதானத்தின் சுவரை. நல்ல உயரமான சுவர். உள்ளேயிருந்து விசில் சத்தம் வரும். ஒவ்வொரு விசிலுக்கும் பவுன்தாயி, "இது அவளா?" என்பார். "தெரியலக்கா" என்பேன். வெயில் ஏற ஏறச் சுவரின் நிழல் எங்கள் பக்கம் சுருங்கிக்கொண்டே வந்தது. நாங்களும் நகர்ந்து நகர்ந்து கடைசியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம்.

மதியத்துக்குமேல் அவள் வந்தாள். முழங்காலில் மண்.

"ஓட்டத்துல தேறிட்டேன். பந்து நல்லா எறிஞ்சேன். தாண்டுறதுல மூணு தடவையும் நுனிக்கால் இழுத்திருச்சு, மார்க் கோட்டுக்கிட்டக்கூடப் போகல."

"சரி விடு ஆத்தா. வா, சாப்புடு" என்றார் பவுன்தாயி.

பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. மற்றவர்களுக்குக் கிடைத்த மதிப்பெண்ணுக்கு முன்னால் அவளுடையது நிற்கவில்லை. அவள் வந்து சொன்ன அன்று, கரண்ட் இல்லாமலேயே பாதம் முழுதாக எழுந்தது. என் கையால் எதிர்த்து அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. வலது காலுக்குச் சமமாக இருந்தது. ஒரு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அந்தக் காலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. டாக்டர் பார்த்தார். "இனிமே வர வேண்டாம்" என்றார். எங்கள் பிரிவில் அதைவிடப் பெரிய நல்ல சேதி கிடையாது. ஈஸ்வரி அழுதுகொண்டே கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இப்போது இருக்கும் பிள்ளைகள் கேட்பார்கள்: கரண்ட் குணப்படுத்தியதா, நரம்பு தானாக எழுந்ததா? அமுங்கிய நரம்பு பெரும்பாலும் தானாகவே எழும். கரண்டும் பயிற்சியும் இல்லாமல் இருந்திருந்தால் எப்போது எழுந்திருக்கும், அதற்குள் தசை எவ்வளவு வற்றிப்போயிருக்கும், நடை எப்படி மாறியிருக்கும் என்பதற்கு என்னிடம் இன்னொரு ஈஸ்வரி இல்லை. எனக்குத் தெரியாது. காது கிளிப்பைப் பற்றியும் எனக்குத் தெரியாது. உங்கள் காதில் முதலில் மாட்டிப் பாருங்கள். பிறகு கழற்றிவிட்டுப் பாருங்கள்.

ஈஸ்வரியை நான் மறுபடி பார்த்தது அதற்கு அடுத்த வருடத்துக்கும் அடுத்த வருடம். வனத்துறை வேலைக்கு எழுதித் தேறியிருந்தாள். அதற்கு ஓட்டம், தாண்டுதல் என்று இல்லை. குறிப்பிட்ட நேரத்துக்குள் நெடுந்தூரம் நடந்து காட்ட வேண்டும். "நடக்கிறது மட்டுந்தானக்கா" என்று போனில் சொன்னாள். அந்தச் சிமெண்டுத் தாழ்வாரத்தில் ஒவ்வொரு அடியையும் உடைத்து உடைத்துப் படித்தவள். நடப்பதைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அந்தத் தேர்வுக்கு வந்த யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தத் தடவை சுவர் இல்லை, தார்ரோடு. நானும் பவுன்தாயியும் ஒரு டீக்கடை முன்னால் நின்றோம். நெஞ்சில் எண் குத்திய பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கொஞ்சம் பேர் அப்போதே நொண்ட ஆரம்பித்திருந்தார்கள். பவுன்தாயி டீக்கடைக்காரரிடம் மகளின் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தைலம், மந்திரித்தது, கரண்ட் எல்லாம் வந்தது. அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

வளைவில் ஈஸ்வரி வந்தாள். தலையை நிமிர்த்தி, கையை வீசி, ஒரே சீராக. எங்களைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. மூச்சை வீணாக்கக் கூடாது என்று தங்கவேல் சொல்லிக்கொடுத்திருப்பார்.

"இந்தப் புள்ளயா? எந்தக் காலு வராமப் போச்சு?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"வலது காலு" என்றார் பவுன்தாயி, கொஞ்சமும் யோசிக்காமல்.

அந்தக் காலைச் சோப்பு போட்டுக் கழுவியது நான். பேனாவால் கோடு போட்டது நான். இடது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஈஸ்வரி எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து அவளுடைய இரண்டு குதிகாலையும் மாறி மாறிப் பார்த்தேன். வலது, இடது, வலது, இடது. ஒன்றுக்கொன்று ஒரு வித்தியாசமும் இல்லை.

"ஆமா, வலதுதான்" என்றேன்.